கோட்பாட்டு இயற்பியலில் இறுதியாண்டு ப்ராஜெக்ட்: விடை தெரிந்த இடத்திலிருந்து தொடங்குங்கள்

ஆய்வகத்தில் ப்ராஜெக்ட் செய்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. எதையாவது தப்பாகச் செய்தால் கருவியே காட்டிக்கொடுத்துவிடும். முள் அசையாது, லேசர் வரிசைக்கு வராது, மாதிரி கருகிப்போகும். கோட்பாட்டில் அந்த வசதி இல்லை. மூன்றாம் பக்கத்தில் ஒரு கழித்தல் குறியை விட்டுவிட்டால் தாள் வாய் திறக்காது, அடுத்த பத்துப் பக்கமும் அழகாகவே நகரும், கடைசியில் பார்க்க நன்றாக இருக்கும் ஒரு சமன்பாடு வரும், அது தப்பாக இருக்கும். இதை நீங்களே கண்டுபிடித்தால் சரி. வைவாவில், அதாவது கடைசி வாய்மொழித் தேர்வில், எதிரே உட்கார்ந்திருப்பவர் கண்டுபிடித்தால் கஷ்டம்.

அதனால் இந்த ப்ராஜெக்டை எப்படிச் செய்வது என்று யார் கேட்டாலும் முதலில் சொல்வது இதைத்தான்: விடை ஏற்கெனவே தெரிந்த ஒரு கணக்கை எப்போதும் கையில் வைத்திருங்கள். தலைப்பைத் தேர்வதிலிருந்து அறிக்கை எழுதுவது வரை எல்லா இடத்திலும் அது உதவும். புதிதாக எதையாவது கண்டுபிடித்துவிட வேண்டும் என்ற பதற்றத்தில் பலர் இதைத் தாண்டிக் குதிக்கிறார்கள், பிறகு தங்கள் விடை சரியா தப்பா என்று சொல்ல வழியே இல்லாத இடத்தில் போய் நிற்கிறார்கள்.

தலைப்பு

குவாண்டம் ஈர்ப்பு, கருந்துளைக்குள் போன தகவல் என்ன ஆகிறது, எல்லா விசைகளையும் ஒன்றாக்குவது எப்படி. இந்த ஆசைகள்தான் பலரையும் இயற்பியலுக்கே இழுத்து வந்தவை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஓராண்டில், அதுவும் மற்ற பாடங்களையும் தேர்வுகளையும் வைத்துக்கொண்டு, இவற்றில் கை வைத்தால் அந்த ஓராண்டும் பின்னணியைப் படிப்பதிலேயே போய்விடும். இழைக் கோட்பாட்டை எடுத்துக்கொண்டால், குவாண்டம் புலக் கோட்பாடும் பொதுச் சார்பியலும் ஓரளவு கைவந்த பிறகுதான் முதல் கணக்கையே தொட முடியும். படித்ததைத் தொகுத்து எழுதுவதும் சில துறைகளில் ப்ராஜெக்டாக ஏற்கப்படும்தான், ஆனால் அது வேறு வகை வேலை. நீங்களே ஒரு கணக்குப் போட்டு ஒரு வரைபடத்தை வரைய வேண்டும் என்றால் கேள்வியைச் சிறிதாக்குங்கள்.

சிறிய கேள்வி என்றால் சப்பையான கேள்வி என்று பொருள் இல்லை. சில உதாரணங்கள் சொல்கிறேன். சீரிசை அலையியற்றியோடு ஒரு நான்காம் அடுக்கு உறுப்பைச் சேர்த்தால் ஆற்றல் நிலைகள் எப்படி மாறுகின்றன, அதற்கான பெர்டர்பேஷன் தொடர் (தெரிந்த விடையிலிருந்து சிறு சிறு திருத்தங்களாக விரியும் தொடர்) எங்கே கைவிடுகிறது. இருபரிமாண ஐசிங் மாதிரியில் (மேல், கீழ் என்று இரண்டே நிலை கொண்ட சுழற்சிகளை, அதாவது ஸ்பின்களை, ஒரு பின்னலில் அடுக்கிய காந்த மாதிரி) ஒரு சிறு மாற்றம் செய்தால், உதாரணத்துக்கு அடுத்த அண்டைச் சுழற்சிகளையும் சேர்த்தால், நிலைமாற்ற வெப்பநிலை எந்தப் பக்கம் நகர்கிறது. கருந்துளையைச் சுற்றி ஒளி எப்படி வளைகிறது, அந்தக் கருந்துளைக்கு மின்னூட்டம் இருந்தால் அதன் நிழலின் அளவு என்ன ஆகும். 1979-இல் சூ, ஷ்ரீஃபர், ஹீகர் மூவரும் பாலிஅசிட்டிலீன் என்ற சங்கிலி மூலக்கூறுக்காக எழுதிய மாதிரியில் சங்கிலியின் முனைகளில் வந்து உட்காரும் நிலைகள், சங்கிலியில் கொஞ்சம் ஒழுங்கின்மையைக் கலந்தால் தாக்குப்பிடிக்குமா. இவை ஒவ்வொன்றிலும் முதல் பாதிக்கு விடை தெரியும், அதைக் காகிதத்திலோ பைத்தானிலோ நீங்களே வரவழைக்கலாம், இரண்டாம் பாதியில் உங்களுக்கென்று ஓர் இடம் இருக்கிறது.

தலைப்பை முடிவு செய்யும் முன் வழிகாட்டியிடம் கேட்க வேண்டிய மிக நல்ல கேள்வி: "இதில் எந்த அளவு முடித்தாலே அறிக்கை எழுதிவிடலாம்?" அதற்கு அவரால் தெளிவாகப் பதில் சொல்ல முடிந்தால் தலைப்பு நல்ல தலைப்பு. "பார்க்கலாம், போகப்போகத் தெரியும்" என்றால் கொஞ்சம் யோசியுங்கள். நல்ல தலைப்புக்குப் படிகள் இருக்கும். முதல் படி உறுதியாக முடியும், இரண்டாவது பெரும்பாலும் முடியும், மூன்றாவது முடிந்தால் கொண்டாட்டம். ஒரே படியில் மலை உச்சி என்றால் வேண்டாம்.

இன்னொன்றையும் பாருங்கள்: அந்தத் தலைப்புக்கு நீங்கள் இன்னும் எடுக்காத பாடம் எத்தனை தேவைப்படுகிறது? ஒன்று என்றால் சமாளிக்கலாம். இரண்டு என்றால் தலைப்பை மாற்றுங்கள்.

வழிகாட்டியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெயர் பெற்றவர், ஆனால் மாதக்கணக்கில் கண்ணில் படாதவர் என்பவரைவிட, வாரம் அரை மணி நேரம் ஒழுங்காகத் தருபவர் மேல். ஏற்கெனவே அவரிடம் செய்து முடித்தவர்களிடம் போய்க் கேளுங்கள், உண்மையைச் சொல்வார்கள். சந்திக்கப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். என்ன செய்தேன், எங்கே நிற்கிறேன், என்ன கேட்க வேண்டும் என்று ஒரே ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போங்கள். "எனக்கு இது புரியவில்லை" என்றால் அவர் முதலிலிருந்து ஒரு வகுப்பு எடுப்பார், நேரம் போய்விடும். "பன்னிரண்டாம் சமன்பாட்டிலிருந்து பதின்மூன்றுக்குப் போகும்போது எனக்கு ஒரு இரண்டு அதிகமாக வருகிறது, பகுதித் தொகையிடலில் எல்லை உறுப்பைச் சுழி என்று விட்டது சரியா" என்றால் ஐந்தே நிமிடத்தில் வேலை முடியும். சந்திப்பு முடிந்த அன்றே, பேசி முடிவு செய்ததை நான்கு வரியில் அவருக்கு மின்னஞ்சலாகப் போட்டுவிடுங்கள். இரண்டு மாதம் கழித்து "இதைச் செய்யச் சொன்னது யார்" என்ற கேள்வி வராமல் இருக்கும்.

பேப்பர் படிப்பது

ஆர்க்கைவ் என்ற தளம் 1991-லிருந்து இருக்கிறது, கோட்பாட்டுக்காரர்கள் எழுதுவதில் பெரும்பகுதி இலவசமாக அங்கே கிடைக்கும். அதுவே சிக்கலும்கூட. ஒரு பேப்பரைத் திறந்தால் அது நாற்பது பேப்பரைக் காட்டும், அவற்றைத் தரவிறக்கி ஒரு ஃபோல்டரில் போட்டுவிட்டால் படித்துவிட்டது போலவே ஒரு திருப்தி வரும். அந்த ஃபோல்டரை யாரும் திறப்பதில்லை.

ஒரே ஒரு பேப்பரைத் தாய்ப் பேப்பராக வைத்துக்கொள்ளுங்கள். வழிகாட்டியே சொன்னால் நல்லது. அதோடு அந்தத் துறையைத் தொகுத்துச் சொல்லும் ரிவ்யூ கட்டுரை ஒன்று. மூன்றாவதாக, பலர் கவனிக்காத ஒன்று: அதே தலைப்பில் யாராவது எழுதிய முனைவர் பட்ட ஆய்வேடு. இதழ்க் கட்டுரைகளில் "எளிதில் காட்டலாம்" என்று ஒரு வரியில் தாண்டிப்போன இடம் ஆய்வேட்டில் நான்கு பக்கமாக விரிந்து கிடக்கும், ஏனென்றால் அதை எழுதியவரும் ஒரு காலத்தில் உங்கள் நிலையில்தான் அந்த வரியில் முட்டிக்கொண்டு நின்றார். பல்கலைக்கழகங்கள் பலவும் இவற்றை இணையத்தில் போட்டு வைத்திருக்கின்றன.

தாய்ப் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை ஒரே மூச்சில் படிக்க முயலாதீர்கள். சுருக்கம், படங்கள், முடிவுரை, இந்த வரிசையில் ஒரு சுற்று. என்ன சொல்ல வருகிறார்கள் என்று தெரிந்தபின் முதல் சமன்பாட்டிலிருந்து பேனாவோடு உட்காருங்கள். சமன்பாட்டை நீங்களே வருவித்துப் பார்க்காமல் அடுத்ததுக்குப் போகக் கூடாது என்று வைத்துக்கொண்டால் ஒரு பக்கத்துக்கு ஒரு நாள் ஆகும், சில சமயம் ஒரு வாரமும் ஆகும். அது தாமதமில்லை, ப்ராஜெக்டே அதுதான். ஆர்க்கைவில் ஒரே பேப்பருக்குப் பல பதிப்புகள் இருக்கும் என்பதையும் பாருங்கள்; முதல் பதிப்பில் இருந்த அச்சுப்பிழை மூன்றாம் பதிப்பில் திருத்தப்பட்டிருக்கலாம், நீங்கள் பழையதை வைத்துக்கொண்டு ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கலாம்.

படிக்கத் தொடங்கிய அன்றே நோட்டின் முதல் பக்கத்தில் குறிமரபை எழுதிவிடுங்கள். மெட்ரிக்கில் காலத்துக்குக் கழித்தல் குறியா, வெளிக்குக் கழித்தல் குறியா. ஃபூரியே மாற்றத்தில் இரண்டு பை எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறது. ஹெச்-பாரும் ஒளிவேகமும் ஒன்று என்று வைத்துவிட்டார்களா, ஈர்ப்பு மாறிலியையும் சேர்த்தா. அலையியற்றி உறுப்புக்கு முன்னால் பாதி இருக்கிறதா இல்லையா. இரண்டு பேப்பர்கள் இரண்டு மரபில் எழுதியிருக்கும், நீங்கள் ஒன்றிலிருந்து ஒரு சமன்பாடும் மற்றதிலிருந்து ஒரு சமன்பாடும் எடுத்து ஒட்டினால் வரும் தப்பு எளிதில் கண்ணில் படாது. எதைப் படித்தாலும் உங்கள் மரபுக்கு மாற்றி எழுதிக்கொண்டு அப்புறம் மேலே போங்கள்.

கணக்கு

இங்கேதான் நேரம் போகும், எனவே ஒரு உதாரணத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். நான்காம் அடுக்கு அலையியற்றியையே எடுத்துக்கொள்கிறேன். இயக்க ஆற்றல் பாதி பி-ஸ்கொயர், நிலை ஆற்றல் பாதி எக்ஸ்-ஸ்கொயர், அதோடு லாம்டா பெருக்கல் எக்ஸின் நான்காம் அடுக்கு. எல்லா மாறிலியும் ஒன்று. லாம்டா சுழி என்றால் அடிநிலை ஆற்றல் 0.5, அது எல்லோருக்கும் தெரியும். லாம்டா 0.1 என்று வையுங்கள். வகுப்பில் படித்த பெர்டர்பேஷன் முதல் வரிசையில் 0.075-ஐச் சேர்க்கிறது, 0.575 ஆகிறது. இரண்டாம் வரிசை இறக்கி 0.5488-க்குக் கொண்டுவருகிறது. மூன்றாம் வரிசை ஏற்றி 0.5696. நான்காவது மறுபடி இறக்கி 0.5454. கவனித்தீர்களா, நான்காவது திருத்தம் மூன்றாவதைவிடப் பெரிது. நெருங்கி வர வேண்டிய தொடர் விலகிப்போகத் தொடங்குகிறது.

முதல்முறை இதைப் பார்ப்பவர் தன் கணக்கில்தான் தப்பு என்று நினைத்து மறுபடி மறுபடி போட்டுப் பார்ப்பார். தப்பு இல்லை. லாம்டா எவ்வளவு சிறிதாக இருந்தாலும் கழித்தல் பக்கம் போய்விட்டால் நிலை ஆற்றல் இரு ஓரத்திலும் கீழே கீழே சரிந்துகொண்டே போகும், அடிநிலை என்று ஒன்றே இருக்காது; அதனால் சுழியைச் சுற்றி விரித்த தொடர் ஒருங்க முடியாது. குவாண்டம் மின்னியக்கவியலுக்கு டைசன் 1952-இல் சொன்ன வாதமும் இதே போக்கில் போவதுதான், இந்த அலையியற்றிக்கு பெண்டரும் வூவும் 1969-இல் விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார்கள். ஒரு இளங்கலை மாணவர் தானே நான்கு எண்களைக் கணக்கிட்டு இந்த இடத்துக்கு வந்து சேர முடியும் என்பதுதான் இந்தத் தலைப்பின் அழகு.

சரி, உண்மையான விடை எது? அதை வேறு வழியில் பிடிக்க வேண்டும். சாதாரண அலையியற்றியின் நிலைகளை அடித்தளமாக வைத்து ஹாமில்டோனியனை, அதாவது மொத்த ஆற்றலை, ஒரு அணியாக எழுதி, கணினியில் ஐகன் மதிப்பைக் கேளுங்கள். 20-க்கு 20 அணியே 0.5591 என்று தந்துவிடும். 30, 40 என்று பெரிதாக்கி, எத்தனை இலக்கம் அசையாமல் நிற்கிறது என்று ஒரு அட்டவணை போடுங்கள். அந்த அட்டவணைதான் உங்கள் விடைக்குச் சான்று, ஒற்றை எண் சான்றாகாது.

இதில் ஒரு நுணுக்கமான பொறி இருக்கிறது. பலர் எக்ஸுக்கு 20-க்கு 20 அணியை எழுதி, அதை நான்கு முறை பெருக்கி நான்காம் அடுக்கு வந்துவிட்டது என்று போய்விடுவார்கள். வராது. எக்ஸ் ஒவ்வொரு நிலையையும் அதன் மேல் நிலையோடும் கீழ் நிலையோடும் இணைக்கிறது. இருபதோடு வெட்டிவிட்டால் கடைசி நிலையிலிருந்து மேலே போய்த் திரும்பிவரும் பங்கு காணாமல் போகிறது, எனவே அணியின் வலது கீழ் மூலையில் இருக்கும் சில எண்கள் தப்பு. அடிநிலை ஆற்றலைப் பார்த்தால் இது தெரியவே தெரியாது, மேல் நிலைகளில் தெரியும். கொஞ்சம் பெரிய அணியில் நான்காம் அடுக்கைக் கண்டுபிடித்து அப்புறம் வெட்டுங்கள். அப்படிச் செய்தால் கூடுதலாக ஒரு லாபம்: மாறல் தத்துவப்படி அணி பெரிதாகப் பெரிதாக அடிநிலை ஆற்றல் இறங்கத்தான் வேண்டும், ஏறக்கூடாது. ஏறினால் எங்கேயோ பிழை என்று உடனே தெரிந்துவிடும். இரட்டைப்படை நிலையையும் ஒற்றைப்படை நிலையையும் இணைக்கும் இடமெல்லாம் சுழியாக இருக்க வேண்டும் என்பது இன்னொரு சோதனை, கணினிக்கு ஒரு நொடி வேலை.

இந்த உதாரணத்தில் செய்ததெல்லாம் எந்தத் தலைப்புக்கும் பொருந்தும். ஐசிங் மாதிரியை மான்டே கார்லோவில் (தற்செயல் எண்களால் நிலைகளை மாதிரியெடுக்கும் முறை) ஓட்டுகிறீர்கள் என்றால், பெரிய பின்னலுக்குப் போகும் முன் இரண்டுக்கு இரண்டு பின்னலை எடுங்கள். மொத்தம் 16 நிலைகள்தான். ஓரங்களைச் சுற்றி ஒட்டிவிட்டால் இரண்டு நிலைகளின் ஆற்றல் கழித்தல் எட்டு, இரண்டின் ஆற்றல் கூட்டல் எட்டு, மீதிப் பன்னிரண்டும் சுழி. சராசரி ஆற்றலைக் கையாலேயே எழுதிவிடலாம். உங்கள் நிரலும் அதே எண்ணைத் தர வேண்டும். தரவில்லை என்றால் 64-க்கு 64 பின்னலில் வந்த அழகான வளைகோட்டை நம்ப எந்தக் காரணமும் இல்லை. அப்புறம் 1944-இல் ஒன்சாகர் தந்த துல்லியமான விடை இருக்கிறது, இணைப்பு வலிமையை ஒன்று என்று வைத்தால் நிலைமாற்றம் 2.269-இல். உங்கள் வெப்பக் கொள்ளளவின் உச்சி அங்கேயே சரியாக வந்து உட்காராது, ஏனென்றால் பின்னல் முடிவுள்ளது. பின்னலைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் உச்சி அந்த எண்ணை நோக்கி நகர்கிறதா என்பதுதான் கேள்வி.

அதே ஐசிங்கில் இன்னொரு இடம். மிக அதிக வெப்பநிலையில் காந்தமாக்கம் சுழியாக வேண்டும், ஆனால் 32-க்கு 32 பின்னலில் அதன் தனி மதிப்பின் சராசரி சுமார் 0.025 என்று நிற்கும், கீழே வராது. நிரலில் பிழை என்று தேடாதீர்கள். 1024 சுழற்சிகள் தாறுமாறாக மேலும் கீழும் நின்றால் மிஞ்சும் அளவே அவ்வளவுதான். இப்படி எதிர்பார்க்க வேண்டிய எண்ணை முன்னாலேயே கணக்கிட்டு வைத்துக்கொண்டு ஓட்டினால் பாதிக் குழப்பம் வராது. பிழைப் பட்டைகளிலும் கவனம் வையுங்கள்: அடுத்தடுத்த மான்டே கார்லோ நிலைகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும், நிலைமாற்றத்துக்கு அருகே மிக நீண்ட நேரம் ஒத்திருக்கும், எனவே மாதிரிகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் போதும் என்று போட்டால் பிழை பொய்யாகச் சிறிதாகிவிடும். தரவைப் பெரிய துண்டுகளாகப் பிரித்து, துண்டுகளின் சராசரிகள் எவ்வளவு சிதறுகின்றன என்று பாருங்கள்.

ஒளிவளைவு எடுத்தவர்களுக்கு எல்லைச் சோதனை கையிலேயே இருக்கிறது. சூரியனின் ஓரத்தைத் தொட்டுப்போகும் கதிருக்கு 1.75 விநாடி வில் வர வேண்டும். பாதிதான் வருகிறது என்றால், காலப் பகுதியின் வளைவை மட்டும் எடுத்து வெளியின் வளைவை விட்டிருக்கிறீர்கள். 1911-இல் ஐன்ஸ்டைனே அந்தப் பாதி அளவைத்தான் தந்தார், முழுக் கோட்பாடு 1915-இல் வந்த பிறகுதான் அது இரட்டித்தது. மறுபக்கம், சுழலாத கருந்துளைக்கு மிக அருகே வரும் கதிர் ஒரு கட்டத்தில் தப்பிக்கவே முடியாது: ஈர்ப்பு மாறிலியையும் ஒளிவேகத்தையும் ஒன்று என்று வைத்தால் அதற்கான மோதுதொலைவு (கதிர் வளையாமல் நேராகப் போயிருந்தால் மையத்தை எவ்வளவு தள்ளிக் கடந்திருக்கும் என்ற தொலைவு) நிறையின் மூன்று ரூட் மூன்று மடங்கு, அதாவது சுமார் 5.196. இந்த இரண்டு எண்ணும் வந்த பிறகு மின்னூட்டத்தைச் சேருங்கள்.

எண்வழிக் கணக்கில் எல்லோரும் விழும் பள்ளம் ஒன்று உண்டு. படியின் அளவைக் குறைத்தால் துல்லியம் கூடும் என்று நினைத்துக் குறைத்துக்கொண்டே போவது. கணினி சுமார் 16 இலக்கம்தான் வைத்திருக்கும். இரண்டாம் வகைக்கெழுவை வழக்கமான மூன்று புள்ளி வேறுபாட்டில் கண்டால் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒன்று என்ற படி அளவுக்குக் கீழே போகப்போக விடை மோசமாகும், ஏனென்றால் கிட்டத்தட்டச் சமமான எண்களை ஒன்றிலிருந்து ஒன்று கழித்து, மிஞ்சியதை மிகச் சிறிய எண்ணால் வகுக்கிறீர்கள். படியைப் பாதியாக்கினால் பிழை எந்த விகிதத்தில் குறைய வேண்டும் என்பது உங்கள் முறையைப் பொறுத்து முன்பே தெரிந்த ஒன்று. வகைக்கெழுச் சமன்பாட்டைப் படிப்படியாகத் தீர்க்கும் நான்காம் வரிசை ருங்கே-குட்டா முறையில் மொத்தப் பிழை சுமார் 16 மடங்கு குறையும். இரண்டு மடங்குதான் குறைகிறது என்றால் நிரலில் ஏதோ ஒரு வரி முதல் வரிசையில் கிடக்கிறது.

காகிதக் கணக்குக்கும் இதே கதைதான். ஒவ்வொரு நீண்ட வருவித்தலின் கடைசியிலும் பரிமாணம் பொருந்துகிறதா, எந்த அளவுருவைச் சுழியாக்கினால் பாடப்புத்தக விடை வர வேண்டும், எதை முடிவிலிக்கு அனுப்பினால் செவ்வியல் விடை வர வேண்டும் என்று பார்த்துவிட்டு அதன் கீழே தேதி போடுங்கள். சிம்பை, மேத்தமேட்டிகா போன்ற குறியீட்டுக் கணித மென்பொருள்களில் சமன்பாட்டின் இரு பக்கத்தையும் போட்டு, ஏதோ ஒரு எண்ணைக் கொடுத்துச் சமமா என்று கேட்பதும் நல்ல பழக்கம். குறியீட்டில் சுருக்க முடியாமல் அது திணறினாலும் எண் பொய் சொல்லாது.

செயற்கை நுண்ணறிவு உரையாடல் கருவிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பைத்தானில் வரைபடத்துக்கு அச்சுப் பெயர் வைக்க, பிழைச் செய்தியைப் புரிந்துகொள்ள, நன்றாகவே உதவும். நீளமான வருவித்தலைக் கேட்டால் மிகவும் தன்னம்பிக்கையோடு நடுவில் ஒரு குறியை மாற்றி, கடைசி வரியை மட்டும் நீங்கள் எதிர்பார்த்தபடி முடித்துத் தரவும் செய்யும். அதைப் பிடிக்க மேலே சொன்ன சோதனைகள்தான் வழி. இல்லாத பேப்பருக்கு ஆசிரியர் பெயரோடு மேற்கோள் கொடுப்பதும் உண்டு, எனவே கண்ணால் திறந்து பார்க்காத எதையும் மேற்கோள் பட்டியலில் சேர்க்காதீர்கள். உங்கள் துறையின் விதி என்ன சொல்கிறது என்று முதல் வாரமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

முட்டி நிற்கும்போது

நிற்பீர்கள். மூன்று வாரம் ஒரே இடத்தில் நிற்பதெல்லாம் கோட்பாட்டில் சகஜம். அப்போது அதே கணக்கை அதே வழியில் ஏழாவது முறையாகப் போடுவதில் பயனில்லை. கேள்வியை இளைக்க வையுங்கள்: முப்பரிமாணத்தில் முடியவில்லையா, ஒரு பரிமாணத்தில் செய்யுங்கள், நூறு துகள் முடியவில்லையா, இரண்டு துகளுக்குச் செய்யுங்கள், பொதுவான நிலை ஆற்றலுக்கு வரவில்லையா, சதுரக் கிணற்றுக்குப் போடுங்கள். ஐசிங் 1925-இல் தீர்த்தது ஒரு பரிமாணத்தைத்தான், அதில் நிலைமாற்றமே இல்லை என்றுதான் விடை வந்தது, இருந்தும் இன்றுவரை மாதிரிக்கு அவர் பெயர்தான். சிறியதில் வழி கிடைத்தால் பெரியதில் எங்கே சிக்கல் என்பது தானே தெரியும்.

எதிர்பார்த்தது நடக்கவில்லை என்பதும் ஒரு முடிவுதான், ஆனால் ஒரு நிபந்தனை. "ஒழுங்கின்மையைச் சேர்த்தேன், முனைநிலை மறைந்துவிட்டது" என்று எழுத வேண்டும் என்றால், ஒழுங்கின்மை இல்லாதபோது உங்கள் நிரல் முனைநிலையைச் சரியாகக் காட்டியது என்று முதலில் காட்டியிருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் நிலை மறைந்ததா, நிரல் கெட்டதா என்று யாரும் சொல்ல முடியாது.

நிரலை கிட் (Git) என்ற, பழைய பதிப்புகளையெல்லாம் காத்து வைக்கும் மென்பொருளில் வையுங்கள். "இறுதி", "இறுதி-2", "உண்மையான இறுதி" என்று கோப்புகள் குவிந்தால், நான்காம் படம் எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்று கடைசி வாரத்தில் தெரியாது. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு தனி நிரல், அதை ஓட்டினால் அந்தப் படம் மட்டும் வர வேண்டும், அளவுருக்கள் எல்லாம் அதன் முதல் சில வரிகளில் இருக்க வேண்டும். இவ்வளவு போதும்.

எழுதுவது

எல்லாம் முடிந்த பிறகு எழுதலாம் என்பவர்கள் கடைசி இரண்டு வாரம் தூங்குவதில்லை. தெரிந்த விடையை நீங்களே வரவழைத்த அன்றே எழுதத் தொடங்கிவிடுங்கள், ஏனென்றால் அறிக்கையில் அது ஒரு முழு அத்தியாயம்: மாதிரி என்ன, முறை என்ன, சரிபார்த்தது எப்படி. முடிவுகள் வரும்போது அதன் பின்னால் சேர்த்துக்கொண்டே போகலாம். முன்னுரையைக் கடைசியில் எழுதுங்கள், அதற்குள்தான் உங்கள் ப்ராஜெக்ட் எதைப் பற்றியது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். லேடெக் (LaTeX) என்ற, சமன்பாடுகளை அச்சுக்கோக்கும் மென்பொருள் தெரியாது என்றால் முதல் மாதமே கற்றுக்கொள்ளுங்கள். நூறு சமன்பாடுகளுக்கு வேறு எதிலும் கையால் எண் போட்டு மாள முடியாது.

யாருக்காக எழுதுகிறீர்கள்? உங்கள் வகுப்பிலேயே, வேறு தலைப்பை எடுத்த ஒரு நல்ல மாணவருக்காக. வழிகாட்டிக்காக எழுதினால் பாதியைச் சொல்லாமல் விட்டுவிடுவீர்கள், "அவருக்குத்தான் தெரியுமே" என்று. பொதுமக்களுக்காக எழுதினால் குவாண்டம் இயங்கியலின் வரலாற்றில் இருபது பக்கம் போய்விடும், அதைப் படித்து யாரும் மதிப்பெண் போடப்போவதில்லை. ஐந்து பக்க வருவித்தல் என்றால் அதன் தொடக்கம், முக்கியமான திருப்பம், முடிவு மூன்றும் நடு உரையில், மீதியெல்லாம் பின்னிணைப்பில். ஒவ்வொரு தோராயத்துக்கும், அது எப்போது செல்லும், எப்போது செல்லாது என்று ஒரு வரி. அந்த ஒரு வரியை எழுத முடியவில்லை என்றால் அந்தத் தோராயத்தை நீங்கள் இன்னும் புரிந்துகொள்ளவில்லை, திரும்பிப் போங்கள்.

தாய்ப் பேப்பரின் வருவித்தலை உங்கள் குறியீட்டில் மாற்றி எழுதினாலும் அது அவர்களுடையதுதான், மேற்கோள் காட்டுங்கள். எது பிறருடையது, எது நான் திரும்பச் செய்து சரிபார்த்தது, எது நானே செய்தது என்று மூன்றும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. முக்கால்வாசி பிறருடையதாகத்தான் இருக்கும், ஓராண்டில் அப்படித்தான் இருக்க முடியும். மழுப்பினால்தான் கேள்வி வரும்.

படங்களில் அச்சுக்குப் பெயர், அலகு, பிழைப் பட்டை. தெரிந்த விடையை ஒரு கோடாகவும் உங்கள் விடையைப் புள்ளிகளாகவும் ஒரே படத்தில் போடுங்கள். மதிப்பிடுபவர் முதலில் பார்ப்பது அந்தப் படத்தைத்தான்.

வைவா

பயப்படும் அளவுக்கு இல்லை. பெரும்பாலும் வரும் கேள்விகளை முன்கூட்டியே சொல்லிவிடலாம்: இதில் நீங்கள் செய்தது எது, இந்த அளவுருவைச் சுழியாக்கினால் என்ன வரும், இந்தத் தோராயம் எங்கே உடையும், இந்தப் படத்தில் இந்த மேடு ஏன், இன்னும் ஆறு மாதம் தந்தால் என்ன செய்வீர்கள். முதல் கேள்விக்கு இரண்டு வாக்கியத்தில் பதில் தயாராக இருக்கட்டும். கரும்பலகையில் ஏதாவது வருவிக்கச் சொன்னால் அறிக்கையின் கடினமான பகுதியைக் கேட்க மாட்டார்கள், அதன் அடியில் இருக்கும் அடிப்படையைக் கேட்பார்கள். பெர்டர்பேஷன் வைத்துச் செய்தவரிடம் முதல் வரிசைத் திருத்தத்தின் சூத்திரம் எப்படி வருகிறது என்று. இதில் திணறுபவர்கள் ஏராளம், ஏனென்றால் ஓராண்டாக அதைப் பயன்படுத்திக்கொண்டே இருந்ததில் எங்கிருந்து வந்தது என்பது மறந்துபோயிருக்கும். முந்தின நாள் அறிக்கையின் முதல் அத்தியாயத்தில் இருக்கும் ஒவ்வொரு சமன்பாட்டையும் புத்தகம் பார்க்காமல் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

பதில் தெரியாத கேள்வி ஒன்றாவது வரும், அதற்காகவே சிலர் கேட்பார்கள். அப்போது மௌனமாக நிற்காமல், "இதன் எளிய எல்லையில் விடை இப்படி வரும், அங்கிருந்து யோசிக்கிறேன்" என்று தொடங்கிவிடுங்கள். அவர்கள் கேட்க விரும்புவதும் நீங்கள் யோசிக்கும் விதத்தைத்தான், பாதி வழியில் அவர்களே கை கொடுப்பார்கள். முடிந்ததும் அவர்கள் சொன்ன திருத்தங்களை அன்றே குறித்துக்கொள்ளுங்கள். நிரலையும் நோட்டையும், எதை எப்படி ஓட்ட வேண்டும் என்று ஒரு பக்கக் குறிப்போடு வழிகாட்டியிடம் கொடுத்துவிடுங்கள். அடுத்த ஆண்டு அதே தலைப்பில் வருபவருக்கு நீங்கள் வரவழைத்த எண்கள்தான் விடை தெரிந்த கணக்கு.